மேல்கோர்ட்டுத் தீர்ப்புகளைத் தமிழில் தந்த முன்சீப்



யூபிலி மலர் என்றால் கோயில் கட்டிய வரலாறும், பங்குத் தந்தையர் வரிசையும், சபைகளின் அறிக்கைகளும் இடம் பெறுவது வழக்கம். அவை இம்மலரின் மற்றப் பக்கங்களில் உள்ளன. இப்பக்கங்களில் நாம் நினைவுகூர விரும்புவது வேறு ஒருவரை. அவர் நம் பங்கில் பிறந்தவர் அல்லர். அனுமந்தைக்கு வந்தவர் என்றும் சொல்வதற்கில்லை. ஆயினும் நம்முடைய விசுவாசத்திலே பிறந்து, அதிலேயே வாழ்ந்து மரித்த ஒரு கத்தோலிக்க நீதிபதி அவர். மாயூரம் முன்சீப் வேதநாயகம் பிள்ளை என்று தமிழுலகம் அவரை அறியும். அவரை நாவலாசிரியராகப் பள்ளிப் பாடத்தில் படித்திருக்கிறோம். நீதிபதியாக அவர் செய்த ஒரு பெரிய காரியத்தை நம்மில் பலர் அறியோம்.

லூக்காஸ் சுவிசேஷத்தின் 18-ஆம் அதிகாரத்திலே நம் ஆண்டவர் ஓர் உவமை சொல்கிறார். ஓர் ஊரில் ஒரு நீதிபதி. அவனுக்குத் தெய்வ பயமும் இல்லை, மனிதரைப் பற்றிய மதிப்பும் இல்லை. ஓர் ஏழை விதவை நியாயம் கேட்டு அவனிடம் ஓயாமல் நடக்கிறாள். கடைசியில் அவளுடைய தொல்லை பொறுக்கமாட்டாமல் அவன் நியாயம் வழங்குகிறான். விடாமல் செபிக்க வேண்டும் என்பதற்காக ஆண்டவர் சொன்ன உவமை இது. இருந்தாலும் அந்த விதவை எத்தனை நாள் நடந்திருப்பாள் என்று எண்ணும்போது நம் நெஞ்சு வலிக்கிறது.

நம் பக்கத்திலும் அப்படி நடந்தவர்கள் உண்டு. பல ஆண்டுகளுக்கு முன் நடந்த ஒன்றைப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறோம். உப்பளத்தில் கூலி வேலை செய்து சேர்த்த பணத்தில் கொஞ்சம் நிலம் வாங்கினார் ஒருவர். எல்லைத் தகராறு வந்தது, வழக்கு நடந்தது, தோற்றார். தீர்ப்பின் நகல் ஆங்கிலத்தில் வந்தது. அதை நான்காக மடித்து, பிள்ளைகளின் ஞானஸ்நானச் சீட்டுகளோடு தகரப் பெட்டியில் வைத்துவிட்டார். பல மாதம் கழித்து, படித்த உறவினர் ஒருவர் ஊருக்கு வந்தபோது அதை எடுத்துக் காட்டினார். வாசித்தவர், “மாமா, இதற்கு அப்பீல் போயிருக்கலாமே, நாள் கடந்துவிட்டதே” என்றாராம். தீர்ப்பு கைக்கு வந்தும் அதில் என்ன இருக்கிறது என்பது அந்த மனிதருக்கு எட்டவில்லை. நிலம் போனதைக் காட்டிலும் அதுவே அவரைச் சாகும்வரை வாட்டியது என்பார்கள்.

இந்தக் குறையைச் சுமார் 160 ஆண்டுகளுக்கு முன்பே கண்டு, தம்மால் இயன்ற பரிகாரம் செய்தவர் வேதநாயகம் பிள்ளை.

கோர்ட்டுகளின் படிகள்

கும்பினியார் ஆட்சியில், 1802-இல் சென்னை மாகாணத்துக்கென நீதிமன்ற ஒழுங்குகள் இயற்றப்பட்டன. ஜில்லாக் கோர்ட்டுகள் அமைந்தன. அவற்றின் தீர்ப்பில் திருப்தியில்லாதவர் முறையிட நான்கு மாகாண அப்பீல் கோர்ட்டுகள் ஏற்பட்டன. அவற்றுள் ஒன்று திருச்சிராப்பள்ளியில் இருந்தது. எல்லாவற்றுக்கும் மேலாகச் சென்னையில் சதர் அதாலத் என்னும் தலைமை அப்பீல் கோர்ட்டு இருந்தது. மாகாண அப்பீல் கோர்ட்டுகள் 1843-இல் எடுக்கப்பட்டன. 1862-இல் சதர் அதாலத்தும், சென்னை நகரத்துக்கென இருந்த சுப்ரீம் கோர்ட்டும் ஒன்றாக்கப்பட்டுச் சென்னை உயர் நீதிமன்றம் பிறந்தது.

அப்பீல் கோர்ட்டின் வேலை கீழ்க்கோர்ட்டின் தவற்றைத் திருத்துவதோடு முடிவதில்லை. அது ஒரு வழக்கில் சொல்லும் சட்ட முடிவு, பிறகு அதே போன்ற வழக்குகளுக்கெல்லாம் வழிகாட்டி ஆகிவிடும். தத்து எடுத்த பிள்ளைக்குப் பங்கு உண்டா, கடன் பத்திரம் எத்தனை வருடம் செல்லும், அடமான நிலத்தை எப்படி மீட்பது என்ற கேள்விகளுக்கெல்லாம் மேல்கோர்ட்டு முன்னர் என்ன சொல்லியிருக்கிறது என்று தெரிந்தவன் வழக்கை நடத்துவான். தெரியாதவன் இருட்டில் தடவுவான். அந்தத் தீர்ப்புகளோ ஆங்கிலத்தில் அச்சாகிச் சென்னையில் இருந்தன. வெளியூர்களில் வழக்காடுவோருக்குத் தமிழே மொழி. அவர்களுக்காக வாதித்த வக்கீல்களிலும் பலருக்கு ஆங்கிலம் போதாது.

குளத்தூர்ச் சிறுவன்

வேதநாயகம் பிள்ளை திருச்சிராப்பள்ளிப் பக்கத்துக் குளத்தூரில் 1826-ஆம் ஆண்டு அக்டோபர் 11-ஆம் நாள் பிறந்தார். தந்தை சவரிமுத்துப் பிள்ளை. தாய் ஆரோக்கிய மரியம்மாள். பெற்றோரின் பெயர்களே அக்குடும்பத்தின் பக்தியைச் சொல்லும். சவரியார் பெயரும் ஆரோக்கிய மாதாவின் பெயரும் நம் வீடுகளிலும் தலைமுறை தலைமுறையாக வழங்குகின்றன அல்லவா?

சிறுவனுக்கு ஆங்கிலமும் தமிழும் கற்பித்தவர் தியாகப் பிள்ளை என்பவர். அவர் திருச்சிராப்பள்ளிக் கோர்ட்டில் மொழிபெயர்ப்பாளராக இருந்தவர். ஆகவே, ஒரு மொழியில் சொல்லப்பட்ட நியாயத்தை மறு மொழிக்காரனுக்கு விளங்க வைப்பதே தொழிலாகக் கொண்ட ஒருவரிடம் இம்மாணவர் படித்தார். அந்தப் படிப்பு வீண்போகவில்லை. 1848-இல் திருச்சிராப்பள்ளிக் கோர்ட்டில் பத்திரங்களைக் காக்கும் வேலையில் அமர்ந்தார். 1850-இல் அங்கேயே மொழிபெயர்ப்பாளர் ஆனார். குடியானவன் தமிழில் சொன்ன வாக்குமூலம் ஆங்கில நீதிபதியின் மேசைக்குப் போகுமுன் இவர் கையில்தான் உருமாறியது. ஒரு சொல் பிசகினால் ஒரு குடும்பம் நிலத்தை இழக்கும் என்பதை அந்த நாற்காலியில் அமர்ந்து அவர் கற்றுக்கொண்டார்.

முன்சீப் உத்தியோகம்

1857-இல் அவர் முன்சீப் ஆனார். தரங்கம்பாடியிலும் சீர்காழியிலும் பணியாற்றிய பின், மாயூரத்தில் 13 ஆண்டுகள் அப்பதவியில் இருந்தார். இன்று மயிலாடுதுறை எனப்படும் அவ்வூரின் பெயரே அவருக்கு முன்பெயராக அமைந்துவிட்டது.

முன்சீப் என்பவர் நீதிபதிகளுள் கீழ்ப்படியில் இருப்பவர். ஆனால் ஏழை முதன்முதல் காண்பது அவர் முகத்தைத்தான். ஏழைகளில் பெரும்பாலோர் அதற்கு மேல் உள்ள படிகளை ஏறுவதே இல்லை. ஆகவே ஏழையைப் பொறுத்தமட்டில் முன்சீப் சொல்வதே கடைசித் தீர்ப்பு. இதை வேதநாயகம் பிள்ளை நன்கு உணர்ந்திருந்தார் என்பதற்கு அவருடைய ‘நீதிநூல்’ சாட்சி. பதவிக்கு வந்த ஓரிரு ஆண்டுகளிலேயே வெளியான இச்செய்யுள் நூலில் பொய், களவு, சோம்பல் முதலியவற்றைக் கண்டித்ததோடு, கைக்கூலிக்கும் தனி இடம் கொடுத்தார். கைக்கூலி என்பது லஞ்சம். லஞ்சம் வாங்குகிற உத்தியோகஸ்தர்கள் மலிந்த காலத்தில், உத்தியோகத்தில் இருந்துகொண்டே அதைக் கண்டித்து அச்சிடுவது எளிதா? தாம் எழுதியதற்கு விரோதமாக நடந்தால் ஊரே கைகொட்டிச் சிரிக்கும். அப்படிச் சிரிக்க அவர் இடம் வைக்கவில்லை.

சித்தாந்த சங்கிரகம்

இனி நாம் சொல்ல வந்த காரியத்துக்கு வருவோம். 1805 முதல் 1861 வரை, ஏறத்தாழ 57 ஆண்டுகளில் சதர் கோர்ட்டு அளித்த தீர்ப்புகளைத் திரட்டிச் சுருக்கித் தமிழாக்கினார் வேதநாயகம் பிள்ளை. ‘சித்தாந்த சங்கிரகம்’ என்ற பெயரில் அது 1862-இல் வெளிவந்தது. சித்தாந்தம் என்றால் முடிந்த முடிவு. சங்கிரகம் என்றால் தொகுத்துச் சுருக்கியது. சதர் அதாலத் மறைந்து உயர் நீதிமன்றம் தோன்றிய அதே ஆண்டில், மறைந்த கோர்ட்டின் தீர்ப்புகள் தமிழனின் கைக்கு வந்தன.

சர்க்கார் அவருக்கு இட்ட வேலை வழக்கு விசாரிப்பது. பகலெல்லாம் சாட்சிகளைக் கேட்டு, தஸ்தாவேஜுகளைப் பார்த்து, தீர்ப்பு எழுதுகிறவர் அவர். அதற்குமேல் 57 ஆண்டுத் தீர்ப்புகளை வாசித்து, பொருள் கெடாமல் சுருக்கி, அதுவரை தமிழில் சரியான சொல்லே இல்லாத சட்ட விஷயங்களுக்குச் சொல் தேடி எழுத வேண்டும். விளக்கெண்ணெய் எரித்த காலம் அது. எத்தனை இரவுகள் அதற்குச் சென்றிருக்கும் என்று நாமே எண்ணிப் பார்க்கலாம்.

இங்கே நம் கடற்கரையை நினைக்க ஒரு காரணம் உண்டு. சென்னை மாகாணத்தில் உப்பைக் கும்பினியார் தங்கள் ஏகபோகமாக ஆக்கிக்கொண்டது 1805-இல். உப்பு விளைவிப்பவன் தான் வாரிய உப்பைத் தன் இஷ்டப்படி விற்க முடியாமற்போன ஆண்டு அது. சித்தாந்த சங்கிரகத்தில் தொகுக்கப்பட்ட தீர்ப்புகளும் அதே 1805-இல்தான் தொடங்குகின்றன. சர்க்காரின் சட்டம் மரக்காணத்து உப்பளம் போன்ற இடங்களில் ஒவ்வொரு பாத்திவரை வந்து நின்றது. அந்தச் சட்டத்தின் வாசகம் மட்டும் பாத்தியில் நின்றவனுக்கு வரவில்லை. தெற்கே புதுச்சேரிக்குப் போனால் அங்கே பிரெஞ்சுக்காரர் சட்டம், பிரெஞ்சு மொழியில். இரண்டு ராஜாங்கங்களுக்கு நடுவே வாழ்ந்த நம் முன்னோருக்கு இரண்டு பக்கமும் சட்டம் புரியாத பாஷையில்தான் இருந்தது. அந்தக் காலத்திலே அச்சடித்த தமிழில் மேல்கோர்ட்டுத் தீர்ப்புகள் வந்தன என்றால் அதன் அருமை விளங்கும்.

பிற்காலத்தில் 1879-இல் வெளியிட்ட ‘பிரதாப முதலியார் சரித்திர’த்திலும் அவர் இவ்விஷயத்தை விடவில்லை. தமிழின் முதல் நாவல் என்று போற்றப்படும் அந்நூலில், நீதிபதியும் தமிழர், வக்கீலும் தமிழர், கட்சிக்காரனும் தமிழன் என்றிருக்க, வாதம் மட்டும் ஏன் ஆங்கிலத்தில் நடக்கிறது என்று கேட்கிறார். தன் வழக்கைப் பற்றித் தன் எதிரிலேயே பேசுவது இன்னதென்று அறியாமல் கட்சிக்காரன் விழித்துக்கொண்டு நிற்கும் கோலத்தை, நீதிபதியின் ஆசனத்திலிருந்து பல ஆண்டுகள் பார்த்தவர் அல்லவா அவர்!

ஏறியவரும் இறக்கியவரும்

வேதநாயகம் பிள்ளையின் காலத்திலேயே வாழ்ந்த மற்றொரு நீதிபதியையும் இங்கே சொல்வது பொருந்தும். அவர் தி. முத்துசாமி ஐயர். தஞ்சைச் சீமையில் 1832-இல் ஏழைக் குடும்பத்தில் பிறந்தவர். மாதம் ஒரு ரூபாய் சம்பளத்தில் கிராமக் கணக்கருக்கு உதவியாளாக இருந்து, தெருவிளக்கு வெளிச்சத்தில் படித்து முன்னேறியவர் என்று நம் தாத்தாமார் பிள்ளைகளுக்குக் கதையாகச் சொல்வார்கள். அவரும் முன்சீபாகத்தான் தொடங்கினார். 1878-இல் சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதியாக அமர்ந்தார். அந்த ஆசனத்தில் அமர்ந்த முதல் இந்தியர் அவரே. 1893-இல் சில காலம் தலைமை நீதிபதியின் பொறுப்பையும் வகித்து, 1895-இல் காலமானார். உயர் நீதிமன்றத்துக்குள் அவருடைய சலவைக்கல் சிலை இருக்கிறது.

முத்துசாமி ஐயர் அடிப்படியிலிருந்து மேல்கோர்ட்டுக்கு ஏறிச் சென்றார். நம்மவரால் அங்கே அமர முடியும் என்று உலகுக்குக் காட்டினார். வேதநாயகம் பிள்ளை ஏறவில்லை. 1872-இல் முன்சீபாகவே வேலையை விட்டு விலகினார். ஆனால் மேல்கோர்ட்டின் முடிவுகளைக் கீழே இறக்கிக் கொண்டுவந்து, அங்கே ஏற முடியாதவர்களின் திண்ணையில் வைத்தார். முன்னதை எல்லாரும் கொண்டாடுகிறோம், அது தக்கதே. பின்னதும் அதற்குக் குறைந்த சேவை அன்று என்பது எங்கள் எண்ணம்.

பஞ்சமும் பக்தியும்

உத்தியோகம் போனதும் அவர் ஓய்ந்துவிடவில்லை. மாயூரம் நகரசபைத் தலைவராக இருந்து ஊருக்கு உழைத்தார். 1876 முதல் 1878 வரை தாது வருஷப் பஞ்சம் சென்னை மாகாணத்தைச் சூறையாடியபோது, தம் பொருளைச் செலவிட்டுக் கஞ்சி காய்ச்சி ஊற்றினார். ‘நந்தனார் சரித்திரக் கீர்த்தனை’ பாடிய கோபாலகிருஷ்ண பாரதியார் அதைக் கண்டு உருகி, அவர்மேல் ஒரு கீர்த்தனையே பாடினார். மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை அவர்மேல் ‘குளத்தூர்க் கோவை’ பாடினார். திருவாவடுதுறை ஆதீனத்துச் சுப்பிரமணிய தேசிகரும் அவருக்கு உற்ற நண்பர். இவர்கள் எல்லாரும் சைவர்கள், இவரோ கத்தோலிக்கர். நட்புக்கு அது தடையாகவில்லை. தம் விசுவாசத்தில் அவர் ஒரு நூலும் தளர்ந்ததில்லை என்பதற்குத் ‘தேவமாதா அந்தாதி’, ‘பெரியநாயகி அம்மன் பதிகம்’, ‘சத்திய வேதக் கீர்த்தனை’ முதலிய நூல்கள் சான்று. எல்லாச் சமயத்தாரும் சேர்ந்து பாடத்தக்க ‘சர்வ சமய சமரசக் கீர்த்தனை’யும் அவர் இயற்றியதே. பெண்கள் படிக்க வேண்டும் என்று வற்புறுத்தி ‘பெண்மதி மாலை’ எழுதினார். 1889-ஆம் ஆண்டு ஜூலை 21-ஆம் நாள் தம் 62-ஆம் வயதில் ஆண்டவரில் இளைப்பாறினார்.

நமக்கு என்ன?

அவர் கேட்ட கேள்விக்கு இன்னும் முழு விடை கிடைக்கவில்லை. தமிழக அரசு 1976-இல் ஆட்சிமொழிச் சட்டத்தைத் திருத்திக் கீழ்க்கோர்ட்டுகளில் தமிழுக்கு வழி செய்தது. அரசியல் சட்டத்தின் 348-ஆம் விதிப்படி உயர் நீதிமன்றத்தின் மொழி ஆங்கிலமாகவே இருந்து வருகிறது. குடியரசுத் தலைவரின் இசைவோடு மாநில மொழியை அனுமதிக்கலாம் என்று அதே விதி சொல்கிறது. அவ்வாறு தமிழை அனுமதிக்க வேண்டும் என்று 2006-இல் நம் சட்டப்பேரவை தீர்மானம் போட்டும் அது கைகூடவில்லை. 2019 முதல் உச்ச நீதிமன்றம் தன் தீர்ப்புகளில் பலவற்றை மாநில மொழிகளில் பெயர்த்து வெளியிட்டு வருகிறது. தமிழிலும் அவை கிடைக்கின்றன. ஒரு முன்சீப் தனியாளாக விளக்கடியில் தொடங்கிய காரியம் இன்று நாட்டின் தலைமைக் கோர்ட்டிலேயே நடக்கிறது.

வரலாறு படித்து மகிழ்வதோடு நில்லாமல், நாம் சில செய்திகளை மனத்தில் பதித்துக்கொள்வது நல்லது. உரிமை வழக்கில் கீழ்க்கோர்ட்டு தீர்ப்பளித்தால் ஜில்லாக் கோர்ட்டுக்கு அப்பீல் செய்ய 30 நாள். உயர் நீதிமன்றத்துக்கு என்றால் 90 நாள். தகுந்த காரணம் காட்டினால் தாமதத்தைக் கோர்ட்டு மன்னிக்கலாம். ஆனால் அது கோர்ட்டின் விருப்பம், நமது உரிமை அன்று. ஆகவே கோர்ட்டிலிருந்து எந்தக் காகிதம் வந்தாலும் அதைப் பெட்டியில் வைக்கலாகாது. அன்றைக்கே படித்தவர் ஒருவரிடம் காட்டி, நாள் குறித்துக்கொள்ள வேண்டும். வக்கீல் வைக்க வசதி இல்லையே என்று சோர்வதும் வேண்டாம். 1987-இல் இயற்றப்பட்டு 1995-இல் நடைமுறைக்கு வந்த சட்ட உதவிச் சட்டத்தின்படி பெண்கள், குழந்தைகள், தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினர், ஊனமுற்றோர், வெள்ளம் புயல் முதலியவற்றால் பாதிக்கப்பட்டோர், குறைந்த வருமானம் உள்ளோர் ஆகியவர்களுக்கு இலவசமாக வக்கீல் வைத்துத் தரப்படும். புயலும் உப்பள வேலையும் வாழ்க்கையாகக் கொண்ட நம் கரையில் இதற்குத் தகுதி பெறாத வீடுகள் சிலவே இருக்கும்.

நம் பங்கில் இன்று பட்டம் பெற்ற பிள்ளைகள் பலர் இருக்கிறார்கள். அவர்களுக்கு எங்களுடைய வேண்டுகோள் ஒன்று. திருப்பலி முடிந்து வீட்டுக்குத் திரும்புமுன், கோயில் வாசலில் காகிதத்தோடு நிற்கும் பெரியவரிடம் கால்மணி நேரம் உட்காருங்கள். அதை வாசித்து, அதில் உள்ளதைக் கூட்டாமல் குறைக்காமல் தமிழில் சொல்லுங்கள். வேதநாயகம் பிள்ளை 57 ஆண்டுத் தீர்ப்புகளுக்குச் செய்ததை நீங்கள் ஒரே ஒரு தாளுக்குச் செய்தால் போதும். தகரப் பெட்டியில் உறங்கிய அந்தத் தீர்ப்பை அன்று ஒருவர் வாசித்துச் சொல்லியிருந்தால், நம் ஊர்ப் பெரியவர் ஒருவர் மனம் ஆறிக் கண்மூடியிருப்பார்.

நீதியின் கண்ணாடி என்று நாம் பிரார்த்தனையில் அழைக்கும் தேவமாதா, நியாயம் தேடி நடக்கும் எல்லாருக்கும் துணை நிற்பாளாக. இந்த யூபிலி ஆண்டிலே நீதியின் மேல் பசிதாகம் உள்ளவர்களாக நாம் வாழ, எல்லாம் வல்ல இறைவன் அருள்புரிவாராக.